காய்ந்த பிளக், கிளம்பாத இன்ஜின்

வாசகர் ஒருவரின் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. சைக்கிளில் பூட்டும் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை அவர் பழையதாக வாங்கியிருக்கிறார். ஓராண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. நடுவில் வேலை மாறியதால் ஐந்து மாதம் தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நிறுத்திவிட்டார். இப்போது எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. பெடல் மிதித்துக் கிளட்சை விட்டால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஒரு ‘டப்’ சத்தம்கூட வரவில்லை. புது பிளக் போட்டார். அதை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால் கரண்ட் நீலமாக அடிக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று லிட்டருக்கு 100 மில்லி ஆயில் கலந்தார். கால் மணி நேரம் மிதித்த பிறகும் பிளக் காய்ந்தே இருக்கிறது. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுப் பார்த்தபோது மட்டும் நாலைந்து தடவை வெடித்துவிட்டு நின்றது.

ஒரு மெக்கானிக் மேக்னெட் காயில் (பிளக்குக்குக் கரண்ட் தரும் கம்பிச் சுருள்) போய்விட்டது என்றாராம். இன்னொருவர் பிஸ்டன், ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, புது இன்ஜினே வாங்கிவிடுங்கள் என்றாராம். விற்றவர் 80 சிசி என்று சொன்னார், கணக்குப் போட்டால் 66தான் வருகிறது, ஏமாந்துவிட்டேனா என்றும் கேட்டிருக்கிறார். நண்பரின் பைக்கில் கயிறு கட்டி இழுத்துக் கிளப்பலாமா என்பது கடைசிக் கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஓட்டும்போது டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சிந்தித் துணியில் படுவதால், மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கியிருக்கிறாராம்.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் திடீரென்று பிடித்தால் உங்கள் ஒரு கை கிளட்சில், ஒரு கை ஆக்சிலேட்டரில், முன்னால் கயிறு. விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம். அது மட்டுமில்லை. உங்களுடையது டூ ஸ்ட்ரோக். இதில் ஆயிலுக்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் ஒரே மசகு. பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் உள்ளே போகவில்லை, ஆகவே ஆயிலும் போகவில்லை. அந்த நிலையில் பைக் வேகத்தில் இழுத்தால், நன்றாக இருக்கிற பிஸ்டனை நீங்களே கீறிவிடுவீர்கள். கால் மணி நேரம் மிதிப்பதும் இதே காரணத்தால் நல்லதில்லை. இருபது முப்பது மீட்டர் ஓட்டியும் கிளம்பவில்லை என்றால் இறங்கிக் காரணம் தேடுவதுதான் சரி.

அடுத்தது புது இன்ஜின். வாங்க வேண்டாம். இப்போதைக்குக் காயிலும் வேண்டாம், ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

அந்த நாலைந்து வெடிப்பு

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி, பெட்ரோல் விட்டபோது நாலைந்து தடவை வெடித்தது என்பதுதான். நீங்கள் அதை ஏதோ தோற்றுப்போன முயற்சி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு முழு டெஸ்ட் ரிப்போர்ட்.

ஒரு இன்ஜின் வெடிக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் கரண்ட், போதுமான கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை நெருக்கும் அழுத்தம்), காற்றோடு கலந்த பெட்ரோல். மூன்றாவதை நீங்கள் கையால் கொடுத்ததும் வெடித்தது. அப்படியானால் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் கொடுத்த பெட்ரோல் தீர்ந்ததும் நின்றுவிட்டது. கோளாறு டேங்க்குக்கும் இன்ஜின் வாய்க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

இங்கே உங்கள் எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டும். வெளியே வைத்துப் பார்த்தபோது கரண்ட் நீலமாக அடித்ததால் மின்சாரப் பக்கம் சரி என்று முடிவு செய்திருக்கிறீர்கள். முடிவு சரி, காரணம் போதாது. திறந்த காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் தேவை. வெளியே அழகாக அடித்துவிட்டு உள்ளே போனதும் படுத்துக்கொள்ளும் காயில்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் உள்ளேயே வெடித்துக் காட்டியிருக்கிறது, அதனால்தான் நான் காயிலைச் சந்தேகப்படவில்லை.

பிஸ்டன், ரிங் பற்றியும் இதேதான். தேய்மானமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ரிங் தார்ப்பாய்க்குக் கீழே நின்றபடி தேயாது. ஈரத்தில் துரு பிடிக்கலாம், பிஸ்டன் இறுகிப்போகலாம். அப்படியிருந்தால் அது சுற்றியே இருக்காது. சந்தேகம் தீரவில்லையா? பிளக்கைப் பூட்டி, கிளட்சை விட்ட நிலையில் சைக்கிளை மெல்லத் தள்ளிப் பாருங்கள். இன்ஜினின் ஒவ்வொரு சுற்றிலும் பின்சக்கரம் ஒரு தடவை முரண்டுபிடித்து, பிறகு விட வேண்டும். மண் தரையில் சக்கரம் இழுபட்டுக் கோடு போட்டால் கம்ப்ரஷன் தாராளமாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் உருண்டால், இரண்டாவது மெக்கானிக் சொன்னதை அப்போது யோசிக்கலாம். அப்போதும் கிளட்ச் வழுக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிளக் ஓட்டையில் பெட்ரோல் விடும் அந்தச் சோதனையை மறுபடி செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஆயில் கலந்த பெட்ரோல் அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். பிளக்கை முழுதாகப் பூட்டி, வெளியே சிந்தியதைத் துடைத்து, ஆவி போகக் கொஞ்சம் விட்ட பிறகுதான் சுற்ற வேண்டும். பிளக் ஓட்டை திறந்திருக்க, பக்கத்திலேயே பிளக்கை வைத்துப் பொறி பார்ப்பது தீ விபத்தில் முடியும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். அதில் போதுமான ஆயில் கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலையும் கழுவிவிடும். வேண்டாம்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுங்கள்

டேங்க் மூடியில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்கும்போது அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று அதன் வழியாகத்தான் வர வேண்டும். நீங்கள் தாளை வைத்து இறுக்கியதில் அந்த வழி அடைபட்டிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதும் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மீதியை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு குசும்பு என்னவென்றால், சந்தேகப்பட்டு மூடியைத் திறந்து பார்த்தாலே காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் இறங்க ஆரம்பித்துவிடும், டேங்க்கில் குறையில்லை என்று நினைத்துவிடுவோம்.

சோதிப்பது எளிது. கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் டியூபை உருவி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இல்லாத இடத்தில். மூடியை இறுக்கி வைத்தபடி டேங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மூடியைத் தளர்த்தி இன்னொரு நிமிடம். முதல் முறை ஓட்டம் மெலிந்து சொட்டாகி, தளர்த்தியதும் பழையபடி ஓடினால் குற்றவாளி மூடிதான். இரண்டு முறையும் மெலிந்தே ஓடினால் டேப்பின் மேல்பகுதியில், டேங்க்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து மாதத்தில் டேங்க் துரு அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.

பெட்ரோல் சிந்துவதைத் தடுக்க மூடியின் ரப்பர் வாஷரை மாற்றுங்கள், டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். தாள் வேண்டாம்.

கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தும் பிளக் காய்ந்தால்

டேங்க்கிலிருந்து ஒழுங்காக இறங்குகிறது என்றால் டியூபை மாட்டி, டேப்பை ஒரு நிமிடம் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். இப்போது கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். கிண்ணம் காலியாக இருந்தால், மிதவையோடு ஏறி இறங்கும் ஊசி மேலேயே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருக்கிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பசையாகி ஊசியைப் பிடித்துவைப்பது அடிக்கடி நடப்பதுதான். கிண்ணம் நிறைந்திருந்தும் பிளக் காய்ந்திருந்தால், பெட்ரோல் கிண்ணம் வரை வந்துவிட்டு மேலே ஏற முடியாமல் நிற்கிறது. என் பந்தயம் இதன்மேல்தான்.

காரணம், நீங்கள் கார்புரேட்டரைத் துடைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஜெட்டைக் கழற்றினேன் என்று எங்கும் இல்லை. கிண்ணத்தை எடுத்ததும் நடுவில் பித்தளைத் தூண் ஒன்று தெரியும். அதன் நுனியில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டுதான் மெயின் ஜெட். அதன் துளை ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் முழுக்க இந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். டேங்க்கில் இருந்த புதுப் பெட்ரோலைப் பற்றி நினைத்தீர்கள், கிண்ணத்தில் ஐந்து மாதம் நின்ற பெட்ரோலை மறந்துவிட்டீர்கள். லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் ஆயிலும் பழுப்புப் பிசினும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பித்தளையில் பச்சையாகப் பூத்திருக்கும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் அந்தத் துளைக்குள் துணி போகாது.

ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வட்டமாக, சுத்தமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுங்கள். இரும்பு ஊசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். ஜெட்டுக்கு மேலே இருக்கும் பித்தளைக் குழாயிலும், கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் மற்ற சின்னத் துளைகளிலும் கிளீனரை அடித்து, காற்றடித்து ஊதிவிடுங்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும்.

திரும்பப் பூட்டும்போது

கழற்றிப் பூட்டியதிலேயே இரண்டு கோளாறு புதிதாக வந்திருக்கலாம். ஆக்சிலேட்டர் கேபிளின் நுனியில் தொங்கும் உருளை வடிவ ஸ்லைடில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். உள்ளே இருக்கும் சின்னப் பின் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுதாக இறங்காமல் திறந்தே நிற்கும், இன்ஜின் கிளம்ப வேண்டிய உறிஞ்சல் கிடைக்காது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபடி ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். விட்டதும் ‘டக்’ என்று கீழே விழ வேண்டும்.

இன்னொன்று காற்றுக் கசிவு. இந்த வகைக் கார்புரேட்டர்கள் இன்டேக் குழாயின் மேல் செருகி, கிளாம்ப்பால் இறுக்கப்படுபவை. செருகும் வாயில் வெட்டுப் பிளவுகள் இருக்கும். முழுதாகத் தள்ளிச் செருகாவிட்டால் அந்தப் பிளவு வழியாகவே காற்று உள்ளே போகும், ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. கடைசி வரை தள்ளிவிட்டு இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசையக் கூடாது. குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், விலை கொஞ்சம்தான்.

சோக் (கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் தகடு) லீவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சைக்கிளில் பூட்டும் இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் லீவர் மேலே இருந்தால் சோக் மூடியிருக்கும். பழைய வண்டி என்பதால் இதை நம்பிவிடாமல், ஃபில்டரைக் கழற்றி எந்த நிலையில் தகடு வாயை மூடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோக் மூடியிருக்க வேண்டும். கார்புரேட்டர் பக்கத்தில் சின்னப் பொத்தான் இருந்தால் இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகி, நல்ல வேகம் வந்த பிறகு கிளட்சை விடுங்கள். பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள்.

ஆயில் கூடினால் பாதுகாப்பு கூடாது

லிட்டருக்கு 100 மில்லி என்பது பத்துக்கு ஒன்று. நல்ல எண்ணத்தில்தான் ஊற்றியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு ஜெட் வழியாகப் போகிற திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். கலவை கெட்டியாகி மெதுவாக ஓடும். ஓட ஆரம்பித்தால் பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் அடைபடும். புது இன்ஜின் பழகும் வரைதான் லிட்டருக்கு 50, 60 மில்லி என்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஓராண்டு ஓடிய இன்ஜினுக்கு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் 40 மில்லி போதும், அதாவது 25க்கு 1. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், அது எரிவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. இப்போது டேங்க்கில் இருப்பதைக் கொட்ட வேண்டாம். அதில் லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஆயில் கலக்காத பெட்ரோல் சேர்த்தால் சரியான கணக்குக்கு வந்துவிடும். டேங்க் கொள்ளாது என்றால் வெளியே கேனில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

80 சிசியும் 66 சிசியும்

விற்றவர் உங்களைத் தனியாக ஏமாற்றவில்லை. இந்த வகை இன்ஜின்கள் பரவலாக 80 சிசி என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38. பெருக்கிப் பார்த்தால் 66 சிசிதான். அதை வைத்து அவரிடம் பணம் திருப்பிக் கேட்பது நடக்காது, ஓராண்டு ஓட்டியும் விட்டீர்கள்.

உங்களுக்குக் கவலை வர வேண்டியது வேறு இடத்தில். பல நாடுகளில் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கான சலுகை 50 சிசியோடு நின்றுவிடுகிறது, சில இடங்களில் அதற்கும் கீழே. 66 அந்தக் கோட்டைத் தாண்டியது. பதிவு, உரிமம், காப்பீடு எது தேவை என்று உங்கள் பகுதிப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது 80 என்றோ ‘சைக்கிள்தான்’ என்றோ சொல்லாமல் உண்மையான அளவைச் சொல்லுங்கள். விபத்து ஒன்று நடந்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால், காப்பீடு இல்லாத மோட்டார் வண்டியை ஓட்டியவராக நீங்கள் நிற்க வேண்டிவரும்.

இத்தனைக்கும் பிறகு கிளம்பாவிட்டால்

அப்போதும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்தே இருந்தால் மேலே சொன்னதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, திரும்பப் போங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் கதை மாறிவிட்டது, பெட்ரோல் வருகிறது. டேப்பை மூடி, பிளக்கை எடுத்துவிட்டு, பிளக் கேபிளைச் சிலிண்டரை விட்டுத் தள்ளி இன்ஜின் உலோகத்தில் தொட வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சில சுற்று சுற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். அப்படியும் வெடிக்காவிட்டால்தான் கரண்ட் பக்கம் போக வேண்டும். ஆஃப் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு முறை முயலுங்கள். ஈரம் ஏறிய சுவிட்ச் கரண்டைத் தின்றுவிடும். மேக்னெட்டிலிருந்து வரும் வெள்ளை ஒயரில் விளக்கு கட்டியிருந்தால் அதையும் பிரித்து, நுனிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். காயிலைச் சந்தேகப்படுகிறவர் மல்ட்டிமீட்டரை நீல ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே வைத்துப் பார்க்கட்டும். 300 முதல் 400 ஓம் காட்டினால் காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம், முடிவே இல்லாத எண் காட்டினால் அறுந்துவிட்டது. வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் கிளப்பிப் பாருங்கள். பிளக், பெட்ரோல், ஆயில், கார்புரேட்டர் என்று நாலையும் சேர்த்து மாற்றியதால்தான் எது என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியவில்லை, உங்களிடம் வந்த இரண்டு மெக்கானிக்குகளுக்கும் தெரியவில்லை. மறுபடி எழுதுவதாக இருந்தால் மூன்று தகவல் போதும்: மூடி இறுக்கமாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் பாட்டிலில் எவ்வளவு பெட்ரோல் விழுந்தது, ஜெட்டில் வெளிச்சம் எப்படித் தெரிந்தது, மிதித்த பிறகு பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா.